ஃபிரெண்ட்ஷிப் ஹில்: ஒரு குடியேறியின் வீடு தேசியச் சின்னமானது எப்படி?

அமெரிக்காவில் பழைய வீடுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் மிகச் சில மட்டுமே அரசின் கையில் இருக்கின்றன. வாசலில் பெயர்ப்பலகை, சுற்றிலும் பராமரிக்கப்படும் நிலம், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆட்கள் என்று அந்த வீடுகளின் தோரணையே வேறு. எந்த வீட்டுக்கு இந்த இடம் கிடைக்கிறது? பெரிய மனிதர் ஒருவர் அங்கே வாழ்ந்தார் என்றால் போதுமா? எத்தனை நாள் வாழ்ந்திருக்க வேண்டும்?

இதை விளக்க எனக்குப் பிடித்த உதாரணம் பென்சில்வேனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. மொனாங்கஹீலா ஆற்றைப் பார்த்தபடி ஒரு மேட்டில் நிற்கும் அந்த வீட்டின் பெயர் ஃபிரெண்ட்ஷிப் ஹில். ஆல்பர்ட் காலட்டின் கட்டிய வீடு அது. ஜெனீவாவில் 1761-ல் பிறந்து, 19 வயதில் வீட்டில் சொல்லாமல் கப்பலேறி அமெரிக்கா வந்தவர் அவர். பின்னாளில் அந்நாட்டின் கருவூலச் செயலாளராக, நம் வழக்கில் சொன்னால் நிதியமைச்சராக, ஏறக்குறைய 13 ஆண்டுகள் இருந்தார். அந்தப் பதவியில் அவ்வளவு காலம் இருந்தவர் இன்றுவரை வேறு யாருமில்லை.

இந்த வீட்டில் அவர் தொடர்ந்து வாழ்ந்த காலம் குறைவு. பிலடெல்பியா, வாஷிங்டன், பாரிஸ், லண்டன் என்று வேலை அவரை இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் வீட்டை விற்றும் விட்டார். அப்படியிருந்தும் இதைத் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

மூன்று நிலைகள்

பழைய கட்டடங்களுக்கு அமெரிக்க நடுவண் அரசு தரும் அங்கீகாரத்தில் மூன்று படிகள் உண்டு. புதிதாகப் படிப்பவர்கள் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.

முதல் படி, வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேடு. 1966-ல் வந்த சட்டத்தின்படி உருவானது. 90,000-க்கும் மேற்பட்ட இடங்கள் இதில் இருக்கின்றன. ஊரளவில் முக்கியமான கட்டடமாக இருந்தாலும் சேர்க்கலாம். பொதுவாக 50 ஆண்டு பழமை வேண்டும். இதில் பெயர் வந்துவிட்டதாலேயே வீடு அரசுக்குப் போய்விடாது. உரிமையாளர் தன் சொந்தப் பணத்தில் எதையாவது மாற்றிக் கட்டினால் நடுவண் அரசு குறுக்கே நிற்பதில்லை. நடுவண் அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட திட்டம் ஏதாவது அந்தக் கட்டடத்தைப் பாதிக்கும் என்றால் மட்டும், அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும்.

அடுத்தது தேசிய வரலாற்றுச் சின்னம். முழு நாட்டுக்கும் முக்கியமான இடம் என்று உள்துறைச் செயலாளர் அறிவிக்க வேண்டும். (அமெரிக்காவில் உள்துறை என்றால் போலீஸ் அல்ல, நிலம், பூங்கா, இயற்கை வளம் ஆகியவற்றைப் பார்க்கும் துறை.) இப்படி அறிவிக்கப்பட்டவை சுமார் 2,600 மட்டுமே. இதிலும் வீடு தனியார் கையிலேயே இருக்கலாம்.

மூன்றாவது, தேசிய வரலாற்றுத் தலம். இது பட்டியலோ பட்டமோ அல்ல, தேசியப் பூங்காத் துறையின் ஓர் அங்கம். பெரும்பாலும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டம் போட்டே இதை உருவாக்குகிறது. நிலத்தையும் வீட்டையும் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, பராமரித்து, மக்களுக்குத் திறந்துவைக்கிறது. கூரை ஒழுகினால் அதற்கும் அரசுதான் பொறுப்பு.

ஃபிரெண்ட்ஷிப் ஹில் 1965-ல் வரலாற்றுச் சின்னமானது. 1978-ல் வரலாற்றுத் தலமானது.

ஒரு மனிதருக்காக ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொரு விதியும் பார்ப்பார்கள். அவர் பிறந்த வீடு, அடக்கமான இடம் ஆகியவற்றுக்குப் பொதுவாக முன்னுரிமை கிடையாது. எந்தச் செயலால் அவர் முக்கியமானவர் ஆனாரோ, அந்தச் செயலோடு தொடர்புள்ள இடமே வேண்டும். வேறு பொருத்தமான இடம் எதுவும் மிஞ்சவில்லை என்றால்தான் பிறந்த வீடும் கல்லறையும் கணக்கில் வரும். நல்ல விதி இது. தொட்டில் இருந்த அறையைப் பார்த்து ஒருவரைப் புரிந்துகொள்ள முடியாது.

அப்படியானால் காலட்டினின் செயலோடு தொடர்புள்ள இடம் எது? பட்ஜெட் போட்டது வாஷிங்டனில். பிரிட்டனுடன் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கென்ட் நகரில். தூதராக இருந்தது பாரிஸிலும் லண்டனிலும். இறுதிக் காலம் கழிந்தது நியூயார்க்கில். இத்தனை ஊர்களை விட்டுவிட்டு, அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆற்றங்கரை வீடு எதற்கு? அந்த வீட்டின் கதையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

செங்கல்லில் தொடங்கியது

காலட்டின் சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். கேத்தரின் பிக்டே என்ற குடும்ப உறவினர் அவரை வளர்த்தார். 1780-ல் நண்பர் ஹென்றி செர்ரோடு மாசசூசெட்ஸ் கரையில் வந்து இறங்கினார். கையில் இருந்த பணத்துக்குத் தேயிலை, ரம் வாங்கி வியாபாரம் செய்து பார்த்தார், சரிப்படவில்லை. மெயின் பகுதியின் எல்லைப்புறத்தில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தார். ஹார்வர்டில் மாணவர்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். அப்புறம் நிலத்தில் பணம் போடலாம் என்று மேற்கே நகர்ந்தார். மலைக்கு அப்பால் நிலம் மலிவு, எதிர்காலம் அங்கேதான் என்று அன்று பலரும் நம்பினார்கள். அந்த நிலத்தில் ஏற்கெனவே வேட்டையாடி வாழ்ந்த ஷானி, டெலாவேர் மக்களின் எதிர்காலத்தைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு. காலட்டின் முதுமையில் அமெரிக்கப் பூர்வகுடி மொழிகளைப் பற்றி விரிவான ஆய்வை 1836-ல் வெளியிட்டார், 1842-ல் அமெரிக்க இனவியல் கழகத்தை நிறுவ முன்னின்றார் என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1786-ல் மொனாங்கஹீலா கரையில் ஏறக்குறைய 400 ஏக்கர் வாங்கினார். அப்போது வயது 25. ரிச்மண்டைச் சேர்ந்த சோஃபி அலேக்ரைக் காதலித்தார். பெண்ணின் தாயாருக்குச் சம்மதமில்லை. மே 1789-ல் தாயாரின் விருப்பத்தை மீறித்தான் கல்யாணம் நடந்தது. மனைவியோடு குடியிருக்கச் சிறிய செங்கல் வீடு ஒன்றைக் கட்டினார். இன்று நாம் பார்க்கும் பெரிய கட்டடத்தின் மிகப் பழைய பகுதி அதுதான். அந்த ஆண்டு அக்டோபரிலேயே சோஃபி இறந்துபோனார். ஐந்து மாதத் திருமண வாழ்க்கை. அவருடைய சமாதி அந்த நிலத்திலேயே இருக்கிறது.

எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஜெனீவாவுக்கே திரும்பிவிடலாமா என்று காலட்டின் யோசித்தார். ஐரோப்பாவில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்திருந்தது; இங்கே நிலத்தை வாங்கவும் ஆளில்லை. தங்கிவிட்டார். துக்கத்திலிருந்து விடுபட அவருக்குக் கிடைத்த வழி அரசியல். 1790-ல் அக்கம்பக்கத்து விவசாயிகள் அவரை பென்சில்வேனியா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பிரெஞ்சு வாடையடிக்கும் ஆங்கிலம் பேசுகிற, கணக்கில் கெட்டிக்காரரான ஓர் இளைஞரை எல்லைப்புற மக்கள் தங்கள் ஆளாக ஏற்றுக்கொண்டார்கள். அந்த இடத்தில் நிலமும் வீடும் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. வாஷிங்டனுக்குப் போன பாதை இந்த மேட்டிலிருந்துதான் தொடங்குகிறது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

ஒன்பது ஆண்டு கணக்கு

பிப்ரவரி 28, 1793 அன்று பென்சில்வேனியா சட்டமன்றம் அவரை அமெரிக்க செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. (அன்று செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை.) செனட்டராக ஒருவர் குறைந்தது ஒன்பது ஆண்டுகள் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். காலட்டின் நாட்டுக்கு வந்து 13 ஆண்டு ஆகியிருந்தது. ஆனால் முறைப்படி விசுவாசப் பிரமாணம் எடுத்தது அக்டோபர் 1785-ல், வர்ஜீனியாவில். அன்றிலிருந்து எண்ணினால் ஒன்பது வரவில்லை.

அவருக்காகப் பேசியவர்கள், சுதந்திரப் போர் நடந்த காலத்திலேயே வந்து, அந்த மண்ணில் நிலம் வாங்கி, எல்லைக் காவலிலும் பங்கெடுத்த ஒருவரைப் பிரமாணம் எடுத்த தேதியை மட்டும் வைத்து அளக்கக்கூடாது என்றார்கள். எதிர்த்தரப்பு தேதியை விடவில்லை. செனட்டுக்குள் வந்தவுடனேயே கருவூலச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டனிடம் விரிவான கணக்குக் கேட்டவர் காலட்டின் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாமில்டனின் ஃபெடரலிஸ்ட் கட்சிக்கு அவரை வெளியேற்ற வேறு காரணமும் இருந்தது. அதுவரை மூடிய கதவுக்குள் கூடிவந்த செனட், இந்த விவாதத்துக்காக முதல்முறையாகப் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தது. பிப்ரவரி 28, 1794 அன்று, தேர்ந்தெடுக்கப்பட்டுச் சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், 14-க்கு 12 என்ற வாக்கில் அவர் பதவி பறிபோனது.

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் இதுதான். குடியேறி வந்த அரசியல்வாதி ஒருவருக்கு வீடு என்பது குடியிருப்பு மட்டும் அல்ல, அவர் சார்பான சாட்சியும்கூட. உள்ளூரில் பிறந்தவரிடம் 'நீ எந்த ஊர்?' என்று செனட் கேட்காது. வந்தவரிடம் கேட்கும். காலட்டின் அதற்குக் கொடுத்த பதில், திரும்பவும் அதே ஊருக்கு வந்து நின்றது.

அந்த விதிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. செனட்டுக்கு ஒன்பது ஆண்டு, பிரதிநிதிகள் சபைக்கு ஏழு ஆண்டு. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2000-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, 2017-ல் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தது இந்த ஏழு ஆண்டு விதியைத் தாண்டித்தான்.

சரி, காலட்டினுக்கு வருவோம். பதவி போன அதே ஆண்டு அவருடைய பகுதி தீப்பற்றி எரிந்தது. 1791-ல் ஹாமில்டன் கொண்டுவந்த விஸ்கி வரி மேற்குப் பகுதி விவசாயிகளின் வயிற்றில் அடித்தது. தானியத்தை மலை தாண்டி வண்டியில் கொண்டுபோனால் கூலிக்கே கட்டாது. விஸ்கியாகக் காய்ச்சினால் சுமை குறையும், விலை கிடைக்கும். அதனால் விஸ்கிதான் அவர்களுக்குப் பணம். 1794 ஜூலையில் வரி அதிகாரி ஜான் நெவிலின் வீட்டை விவசாயிகள் கொளுத்தினார்கள். ஜனாதிபதி வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டினார்.

காலட்டின் வரியை எதிர்த்தவர். 1792-ல் பிட்ஸ்பர்க்கில் நடந்த காரசாரமான எதிர்ப்புக் கூட்டத்தில் எழுத்தராக இருந்து தீர்மானங்களில் கையெழுத்தும் போட்டிருந்தார். அதைத் தன் ஒரே அரசியல் பாவம் என்று பிற்பாடு அவரே சொன்னார். ஆனால் துப்பாக்கியோடு கூடிய கூட்டத்தின் நடுவே எழுந்து, அரசோடு மோதாதீர்கள், சட்டத்துக்குக் கட்டுப்படுங்கள் என்று பேசியதும் அவரே. அன்று அதற்குத் தைரியம் வேண்டியிருந்தது. அந்த இலையுதிர் காலத்தில் மக்கள் அவரை பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கும் அவருடைய உச்சரிப்பைக் கேலி செய்தார்கள். 1798-ல் குடியுரிமைக்குத் தேவையான காலத்தை 14 ஆண்டாகக் கூட்டிச் சட்டம் போட்டார்கள். அவர் வரவுசெலவுக் கணக்கைக் கேட்பதை நிறுத்தவில்லை. வரி, நிதி விஷயங்களைப் பார்க்கும் சபையின் வழிவகைக் குழு உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1801-ல் தாமஸ் ஜெஃபர்சன் ஜனாதிபதியானதும் காலட்டின் கருவூலச் செயலாளரானார். அடுத்த ஆண்டே விஸ்கி வரி உட்பட உள்நாட்டு வரிகள் ரத்தாயின. நாட்டின் கடன் 8 கோடியே 30 லட்சம் டாலரிலிருந்து 1812-க்குள் 4 கோடியே 50 லட்சமாகக் குறைந்தது. நடுவில் ஒன்றரைக் கோடி டாலருக்கு லூசியானா பிரதேசத்தை வாங்கிய செலவும் இதில் அடக்கம். மலை தாண்டிச் செல்ல அரசே சாலை போடவேண்டும் என்று வாதாடி அதற்குப் பணம் திரட்டும் வழியையும் சொன்னவர் அவர். கம்பர்லேண்டிலிருந்து போடப்பட்ட அந்த தேசியச் சாலை அவருடைய ஃபயட் மாவட்டத்தின் வழியாகவே சென்றது. தானியத்தை மலை தாண்டிக் கொண்டுபோக வழியில்லாத விவசாயிகளின் நடுவில் வாழ்ந்தவருக்குச் சாலையின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வீடு சேர்த்து

இப்போது கட்டடத்துக்குத் திரும்பலாம். சோஃபி மறைந்து நான்கு ஆண்டு கழித்து, 1793-ல், நியூயார்க்கைச் சேர்ந்த ஹன்னா நிக்கல்சனைக் காலட்டின் மணந்தார். கடற்படைத் தளபதியின் மகள், நகரத்தில் வளர்ந்தவர். எல்லைப்புற வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவே இல்லை. குடும்பம் பெருகியதும் 1798-ல் செங்கல் வீட்டோடு ஒட்டி மரச்சட்ட வீடு ஒன்று எழுந்தது. பக்கத்திலேயே நியூ ஜெனீவா என்ற ஊரைக் கூட்டாளிகளோடு உருவாக்கி, கண்ணாடித் தொழிற்சாலையும் துப்பாக்கிப் பட்டறையும் நடத்தியது இந்தக் காலத்தில்தான். ஐரோப்பியக் குடியேறிகளைக் கொண்டுவந்து அங்கே வாழவைக்கலாம் என்ற கனவு அவருக்கு இருந்தது. அது பெரிதாகக் கைகூடவில்லை.

பிறகு வீடு பல ஆண்டுகள் அவரைப் பார்க்கவில்லை. 1814 டிசம்பர் 24 அன்று, 1812-ல் தொடங்கிய போரை முடிக்க பிரிட்டனுடன் கென்ட் ஒப்பந்தம். 1816-லிருந்து ஏழு ஆண்டு பாரிஸில் தூதர். ஓய்வுக்காலத்தை ஊரில் கழிக்கலாம் என்ற நினைப்பில், பாரிஸில் இருக்கும்போதே ஒரு பெரிய கல் வீட்டைக் கட்டச் சொல்லி ஏற்பாடு செய்தார். அவர் திரும்பி வந்து பார்த்தபோது வீடு ஏறக்குறைய முடிந்திருந்தது. பார்த்துவிட்டு மகளுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. வெளியே பார்த்தால் கப்பலின் துவாரங்கள் மாதிரி ஜன்னல்களோடு அயர்லாந்துப் படைவீரர் குடியிருப்பு போல இருக்கிறது, உள்ளே அலங்காரமோ டச்சுச் சாராயக்கடை போல இருக்கிறது, அதற்கு நடுவில் பிரான்ஸிலிருந்து வந்த பளிங்குக் கணப்புமுகப்பு என்று குறைப்பட்டிருக்கிறார். எனக்கு இந்தக் கடிதம் மிகவும் பிடிக்கும். ஜெனீவாவில் வளர்ந்த ரசனை, உள்ளூர்த் தச்சரின் கைப்பழக்கம், பாரிஸில் வாங்கிய சாமான் எல்லாம் ஒரே கூடத்தில் முட்டிக்கொண்டு நிற்பதை வீட்டுக்காரரே விவரிக்கிறார்.

1824-ல் கல்லால் ஆன சமையலறையும் சேர்ந்தது. 1825 மே மாதம் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் தன் அமெரிக்கப் பயணத்தின்போது இங்கே வந்து தங்கினார். ஆனால் குடும்பத்துக்கு அந்தத் தனிமை தாங்கவில்லை. அடுத்த ஆண்டு காலட்டின் தூதராக லண்டன் போனார். 1832-ல் வீடு கைமாறியது. காலட்டின் நியூயார்க்கில் வங்கித் தலைவராக இருந்து, 1849-ல் காலமானார். அடக்கம் ஆனது அங்குள்ள டிரினிட்டி தேவாலய வளாகத்தில்.

எந்த ஆண்டைக் காப்பாற்றுவது?

வரலாற்று வீடுகளைப் பராமரிப்பவர்களின் மிகக் கடினமான கேள்வி இது. அமெரிக்காவில் அரசு முதலில் வாங்கிக் காத்த வீடு நியூபர்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையகமாகப் பயன்படுத்திய ஹாஸ்ப்ரூக் வீடு. நியூயார்க் மாநிலம் அதை 1850-ல் தன்வசம் எடுத்தது. அந்தக் காலத்துப் போக்கு, பெரிய மனிதர் வாழ்ந்த நாளில் இருந்தபடி வீட்டை ஆக்கிவிடுவது. பின்னால் வந்ததை இடித்துவிடுவார்கள். காணாமல் போன நாற்காலிக்கு அதே காலத்து வேறொரு நாற்காலியை வாங்கிப் போடுவார்கள்.

இப்போது நான்கு வழிகளைப் பிரித்துப் பேசுகிறார்கள். இருப்பதை இருக்கிறபடி பேணுவது. பழமையைக் கெடுக்காமல் இன்றைய பயன்பாட்டுக்கு ஏற்றபடி சீர் செய்வது. ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத் திருப்பி அமைப்பது. அழிந்ததைப் புதிதாகக் கட்டுவது. கடைசி வழியைக் கடைசியாகத்தான் தொடவேண்டும் என்பதே பொதுவான எண்ணம்.

ஃபிரெண்ட்ஷிப் ஹில்லில் 1789-க்குத் திருப்பினால் ஒரு சிறு செங்கல் வீடு மட்டும் மிஞ்சும். 1798-க்குத் திருப்பினால் லஃபாயெட் வந்த வீடு போய்விடும். 1832-க்குப் பிறகு வந்த உரிமையாளர்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அவற்றையும் இடிக்காமல் விட்டிருப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. இளம் கணவர் கட்டிய செங்கல், குடும்பஸ்தர் சேர்த்த மரம், தூதர் சேர்த்த கல் என்று பொருள் மாறும் இடமெல்லாம் அவர் நிலைமையும் மாறியிருக்கிறது. மூன்றில் ஒன்றை எடுத்தாலும் கதை குறைப்படும்.

1979-ல் வீட்டில் தீப்பிடித்துப் பெரிய சேதம் ஏற்பட்டது. அரசின் பொறுப்புக்கு வந்திருந்ததால் சீரமைக்கப் பணமும் ஆட்களும் கிடைத்தன. தனியார் கையில் வெறும் பட்டத்தோடு மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முன்பு சொன்ன மூன்று நிலைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு இங்கே நன்றாக விளங்கும்.

தலத்தின் பரப்பு இன்று 660 ஏக்கருக்கு மேல். உள்ளே போகக் கட்டணம் இல்லை. காட்டு வழியாக நடைபாதைகள் இருக்கின்றன. காலட்டினுக்குப் பின் அந்த வட்டாரமே நிலக்கரிச் சுரங்கப் பகுதியாக மாறியதால், கைவிடப்பட்ட சுரங்கத்திலிருந்து கசியும் அமிலத் தண்ணீரைச் சதுப்பு நிலம் அமைத்துச் சுத்தப்படுத்தும் சோதனையும் இங்கே நடந்திருக்கிறது. போகிறவர்கள் பெரிய கல் வீட்டின் முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், சுற்றிவந்து செங்கல் பகுதி மரப் பகுதியோடு சேரும் இடத்தைத் தேடிப் பாருங்கள். அப்புறம் ஆற்றுப் பக்கம் இறங்காமல் சோஃபியின் சமாதி வரை நடந்துவிட்டு வாருங்கள்.